திரை உடைந்தது, விளக்கு உடையவில்லை

பழுதான தொலைக்காட்சிகளிலும் மடிக்கணினிகளிலும் உயிரோடு கிடக்கும் எல்இடிகளை வீட்டு வெளிச்சமாக்கும் கைவேலை: பயன் எங்கே, ஆபத்து எங்கே?

கண்ணாடியில் விரிசல் விழுந்த 32 அங்குல எல்இடி தொலைக்காட்சி ஒன்றின் முன்சட்டத்தைக் கழற்றி மேசைமீது கிடத்தினால், அதன் உட்பகுதி அடுக்கடுக்காகப் பிரிந்து வருகிறது. முதலில் படம் தோன்றும் கண்ணாடிப் பலகை. அதன் கீழே, விரலில் நிற்காமல் வழுக்கும் மெல்லிய தாள்கள் இரண்டு மூன்று. அவற்றுக்கும் கீழே பால்வெள்ளை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பலகை. அதையும் எடுத்துவிட்டால், துளையிட்ட வெள்ளைத் தாளின்மேல், கவிழ்த்துவைத்த சின்னஞ்சிறு கிண்ணங்களைப் போன்ற லென்சுகள் வரிசையாகத் தென்படுகின்றன. பழுதுபார்ப்பவர்கள் ‘பேக்லைட் ஸ்ட்ரிப்’ என்று சொல்லும் இந்த வரிசைகளுக்கு உரிய மின்னோட்டத்தைக் கொடுத்த கணத்தில், இனி ஒரு படத்தையும் காட்ட முடியாத அந்தப் பெட்டி, நேராகப் பார்த்தால் கண் கூசும் அளவுக்கு வெள்ளை ஒளியை உமிழத் தொடங்குகிறது.

தொலைக்காட்சியின் விலையில் பெரும்பங்கு கண்ணாடிப் பேனலுக்கே உரியது என்பதால், அது உடைந்த பின் மாற்றிப் பூட்டுவது பெரும்பாலும் கட்டுபடியாவதில்லை. எனவே விளக்குகள் முழு நலத்தோடு இருக்கும்போதே பெட்டி காயலான் கடைக்குப் போய்ச் சேர்கிறது. இந்த விளக்குகளை மீட்டுக் குறைந்த மின்சாரத்தில் எரியும் வீட்டு விளக்காக மாற்றும் கைவேலை, யூடியூப் காணொளிகளின் துணையோடு, பொழுதுபோக்காளர்களிடமிருந்து வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. ஆனால் அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மின்கட்டணச் சேமிப்பைச் சுற்றியே நடக்கிறது. பயன் இருப்பதோ வேறிடத்தில். திரையிலிருந்து எடுக்கப்படும் விளக்கு அடிப்படையில் நேர்மின்னோட்ட விளக்கு. மின்கலத்தோடும் சோலார் பலகையோடும் சேரும்போதுதான் அது மதிப்புப் பெறுகிறது. சுவரிலுள்ள 230 வோல்ட் பிளக்கை நோக்கி அதைத் திருப்பும்போது, மதிப்பு குறைந்து ஆபத்து கூடுகிறது.

திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு

திரவப் படிகத் திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னாலிருந்து வரும் வெள்ளை ஒளியை, ஒவ்வொரு புள்ளியிலும் தேவையான அளவு விடுவதும் தடுப்பதும் மட்டுமே அதன் வேலை. அந்த வழியில் ஒளி அடையும் இழப்பு மிகப் பெரியது: ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் முனைவாக்கித் தாள் ஏறத்தாழ பாதியை விழுங்குகிறது, சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கின்றன, முடிவில் பார்வையாளரின் கண்ணை அடைவது, பின்விளக்கு உமிழ்ந்த ஒளியில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு மட்டுமே. கண்ணாடிப் பேனலை அகற்றியதும் அதே திரை பல மடங்கு பிரகாசமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

விளக்குகள் அமையும் முறை இரண்டு வகைப்படும். திரையின் பின்புறம் முழுவதும் எல்இடி வரிசைகளைப் பரப்புவது ஒரு வகை. மலிவுவிலைத் தொலைக்காட்சிகளில் இதுவே மிகுதி. விளிம்பில் மட்டும் எல்இடிகளை நெருக்கமாக அடுக்கி, அந்த ஒளியை ஒரு அக்ரிலிக் பலகையின் வழியே திரை முழுவதும் பரப்புவது மற்றொன்று. மடிக்கணினிகளும் மெல்லிய மானிட்டர்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஒளிவழிப் பலகை என்று சொல்லத்தக்க இந்த அக்ரிலிக் துண்டு, கைவேலைக்காரருக்குக் கிடைக்கும் அருமையான பொருள். அதைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் அச்சிடப்பட்டிருப்பது தெரியும். எல்இடி இருக்கும் விளிம்பருகே அவை சிறியனவாகவும் இடைவெளி விட்டும், விலகிச் செல்லச் செல்லப் பெரியனவாகவும் நெருக்கமாகவும் அமைந்திருக்கின்றன. பலகைக்குள் முழு அகப் பிரதிபலிப்பால் சிறைப்பட்டு ஓடும் ஒளி, புள்ளியில் மோதும் இடத்தில்தான் வெளியேறுகிறது. விளக்கிலிருந்து தொலைவில் ஒளி மெலிந்திருப்பதால் அங்கே அதிகப் புள்ளிகள் தேவைப்படுகின்றன. இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டுச் செய்யப்பட்ட பலகையை, வெறும் பிளாஸ்டிக் என்று எடைக்குப் போடுவது நடைமுறையில் அன்றாடம் நடப்பது.

┃ பெட்டிச் செய்தி: குழல் இருந்தால் கைவைக்க வேண்டாம்
┃ பழைய எல்சிடி தொலைக்காட்சிகளிலும் மானிட்டர்களிலும் எல்இடிக்குப் பதிலாக, பென்சிலைவிட ஒல்லியான குளிர்முனைக் குழல் விளக்குகள் இருந்தன. அவற்றின் உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. எரியத் தொடங்க ஆயிரம் வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம் வேண்டும். உடைந்தால் நச்சு ஆவியும், எரிந்தால் உயர் மின்னழுத்தமும் கைக்கு எட்டும் தொலைவில் இருப்பதால், இவ்வகைத் திரையை விளக்காக்குவது வீட்டு வேலையன்று. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், மின்னணுத் திரைகளுக்கான இக்குழல்களின் உற்பத்தியை 2025-ஆம் ஆண்டோடு நிறுத்த 2022-இல் முடிவெடுத்தன.

ஒன்று போனால் எல்லாம் இருட்டு

தொலைக்காட்சியில் ஒலி வருகிறது, படம் இல்லை. இருட்டறையில் திரைமீது டார்ச் அடித்துப் பார்த்தால் மங்கலாகப் படம் ஓடுவது தெரிகிறது என்றால், பழுது பெரும்பாலும் பின்விளக்கில். எல்இடிகள் தொடரிணைப்பில், அதாவது ஒன்றின் வால் மற்றொன்றின் தலையோடு சேரும்படி கோக்கப்பட்டிருப்பதால், ஒரே ஒரு எல்இடியின் உள்ளிணைப்பு அறுந்துபோனாலும் அந்த வரிசை முழுவதும் அணைகிறது. பல மாடல்களில் பாதுகாப்புச் சுற்று மற்ற வரிசைகளையும் அணைத்துவிடுகிறது. செத்த எல்இடியை மட்டும் மாற்றினால் வெளிச்சம் சீராக இருக்காது என்பதாலும், அடுத்தது எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்பதாலும், கடைக்காரர்கள் ஸ்ட்ரிப்புகளை முழுத் தொகுதியாகவே மாற்றுகிறார்கள். கழற்றிப் போடப்படும் பழைய தொகுதியில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் எரியக்கூடியவை என்பதே மீட்பு வேலையின் மூலதனம்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. ஓர் எல்இடி செத்த தொகுதியில் மற்றவையும் அதே வெப்பத்தில் அதே மணிநேரம் உழைத்தவைதான். ஆகவே அவற்றை மீண்டும் முழு மின்னோட்டத்தில் எரிப்பது முடியும் தறுவாயிலிருப்பதை முடித்துவைப்பதற்குச் சமம்; மூன்றிலொரு பங்கு மின்னோட்டத்தில் எரித்தால், வெப்பம் பெருமளவு குறைந்து, ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஒளியும் சற்றே கூடுகிறது. திரைக்குத் தேவைப்பட்ட கண்கூசும் பிரகாசம் படிப்பு மேசைக்கு வேண்டியதில்லை என்பதால் இது இழப்பே அன்று. கண்ணாடி உடைந்து ஒதுக்கப்பட்ட பெட்டியின் எல்இடிகள் இதைவிட நல்லவை; அவற்றின் ஆயுள் பெரும்பாலும் மிச்சமிருக்கும்.

படத்தில் திடீரென ஒரு வெள்ளை வட்டம் தோன்றி நிலைத்துவிட்டதாகப் பலர் கடைக்கு எடுத்துவரும் குறை, எல்இடியின் பழுதன்று. பசை உலர்ந்து லென்ஸ் விழுந்துவிட்டதன் விளைவு. ஒளியைப் பக்கவாட்டில் விரித்தனுப்பும் அந்த லென்ஸ் விளக்கு செய்பவருக்கும் வேண்டும். குவாண்டம் டாட் வகைத் தொலைக்காட்சியைப் பிரிப்பவருக்கு வேறொரு வியப்பு காத்திருக்கிறது: அதன் ஸ்ட்ரிப்புகள் வெள்ளையாக அல்ல, நீலமாக எரியும். சாதாரண வெள்ளை எல்இடியில் நீலச் சில்லின்மீது பூசப்பட்ட மஞ்சள் ஒளிர்பொருள் வெள்ளையை உண்டாக்குகிறது. இவற்றிலோ அந்த வேலையைத் தனியாக வைக்கப்பட்ட ஒரு தாள் செய்கிறது. தாளைத் தூக்கியெறிந்துவிட்டால் நீலம் மட்டுமே எஞ்சும். அது வீட்டு வெளிச்சத்துக்கு ஆகாது, கண்ணுக்கும் நல்லதன்று.

வோல்ட்டைப் பார்த்து ஏமாறுதல்

புதிதாகச் செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. குண்டு பல்பைப் போல எல்இடிக்கும் ‘இத்தனை வோல்ட்’ கொடுத்தால் போதும் என்று எண்ணுவதே அது. வெள்ளை எல்இடி ஏறத்தாழ 3 வோல்ட்டில் எரிகிறது. ஆனால் அதற்குமேல் மின்னழுத்தம் இம்மி கூடினாலும் மின்னோட்டம் தாவி ஏறுகிறது. எனவே எல்இடிக்குக் கட்டுப்படுத்த வேண்டியது மின்னோட்டத்தை.

12 வோல்ட் பேட்டரியில் மூன்று எல்இடிகளைத் தொடராக இணைத்து, 150 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்ப்பது வழக்கமான எளிய சுற்று. எல்இடிகள் 9 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மீதி 3 வோல்ட் மின்தடைமீது விழுந்து 20 மில்லிஆம்பியர் பாய்கிறது. தாளில் கணக்கு சரி. ஆனால் ஈய அமில பேட்டரி 12 வோல்ட்டிலேயே நிற்பதில்லை. சார்ஜ் ஏறும்போது அது 14.4 வோல்ட்டைத் தொடுகிறது. அப்போது மின்தடைமீது 5.4 வோல்ட் விழுந்து, மின்னோட்டம் 36 மில்லிஆம்பியராகிறது. பேட்டரி 11 வோல்ட்டுக்கு இறங்கினால் 13 மில்லிஆம்பியர். சோலார் பலகையில் சார்ஜாகும் பகலில் எரியவிட்டால் எல்இடி வேகமாகத் தேய்வதும், மின்சாரமற்ற பின்னிரவில் வெளிச்சம் சோர்ந்துபோவதும் இந்தச் சுற்றின் இயல்பு.

இதற்குத் தீர்வு, மின்னழுத்தம் எப்படி மாறினாலும் மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் மாறா மின்னோட்டச் சுற்று. எல்.எம்.317 என்னும் மலிவான சில்லும் ஒரு மின்தடையும் சேர்ந்து இதைச் செய்யும், 12.5 ஓம் வைத்தால் 100 மில்லிஆம்பியர். ஆயினும் அந்தச் சில்லு தனக்கென்று மூன்று வோல்ட் அளவில் எடுத்துக்கொள்வதால், 9 வோல்ட் வரிசைக்கு 12 வோல்ட் பேட்டரி மட்டுமட்டாகவே போதும்; பேட்டரி இறங்கியதும் இதுவும் மங்குகிறது. மின்னழுத்தத்தை வெப்பமாக வீணாக்காமல், வேகமாகத் திறந்து மூடும் சுவிட்சின் வழியே குறைத்துத் தரும் பக் கன்வெர்ட்டர் பலகைகள் இன்று சென்னை ரிச்சி தெருவில் சில்லறை விலைக்குக் கிடைக்கின்றன. எக்ஸ்.எல்.4015 சில்லு பொருத்திய பலகையில் இரண்டு திருகிகள் இருக்கும். ஒன்று மின்னழுத்த உச்சவரம்பையும், மற்றது மின்னோட்டத்தையும் நிர்ணயிக்கிறது. மல்டிமீட்டரை வைத்து முதலில் மின்னோட்டத்தைக் குறைவாகத் திருகிவிட்டு, அதன்பின் எல்இடியை இணைத்து மெல்ல உயர்த்துவதே முறை.

மடிக்கணினித் திரைகளில் இந்த உழைப்பும் தேவையில்லை. 40 முனை இணைப்பானோடு வந்த பல பேனல்களில் பின்விளக்கின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் சுற்று, பேனலின் சொந்தப் பலகையிலேயே அமைந்திருக்கிறது. பின்விளக்குக்கான முனைகளுக்கு 12 வோல்ட்டும், இயக்கும் முனைக்கும் ஒளியளவைத் தீர்மானிக்கும் முனைக்கும் 3.3 வோல்ட்டும் கொடுத்தால் திரை ஒளிர்கிறது. எந்த முனை எது என்பது மாடலுக்கு மாடல் மாறுவதால், பேனலின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கொண்டு அதன் தொழில்நுட்பத் தாளைத் தேடியெடுத்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

┃ பெட்டிச் செய்தி: ஒரு இரவுக்கு எவ்வளவு?
┃ 14 அங்குல மடிக்கணினியின் பின்விளக்கு முழு ஒளியில் எடுப்பது சுமார் 3 வாட். சிறிய யூ.பி.எஸ்.களில் உள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி 84 வாட்-மணி ஆற்றலைக் கொண்டது. பேட்டரியின் ஆயுள் கருதிப் பாதியை மட்டும் பயன்படுத்தி, அதிலும் சுற்றின் இழப்பைக் கழித்தால், விளக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் எரியும். மெழுகுவத்தி ஒன்றின் ஒளி 12 லூமன் அளவே. இந்தத் திரை அதைப் போலப் பல மடங்கு தரும். பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஒரு ஃப்யூஸ் கட்டாயம்: சின்ன பேட்டரியானாலும், கம்பிகள் ஒன்றோடொன்று பட்டால் கம்பி பழுக்கும் அளவுக்கு மின்னோட்டம் பாயும்.

பிளக்கை நோக்கித் திரும்பினால்

மீட்ட எல்இடிகளை நேராக 230 வோல்ட்டில் எரிக்கும் சுற்றுகளும் பரவலாகக் காட்டப்படுகின்றன. 0.47 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைத் தொடராக வைத்தால், 50 ஹெர்ட்சில் அது ஏறத்தாழ 34 மில்லிஆம்பியரை மட்டுமே விடும். நான்கு டையோடுகளைச் சேர்த்தால் விளக்கு தயார். செலவு சொற்பம், பார்வைக்கு எளிமை. ஆனால் இந்தச் சுற்றில் மின்மாற்றி இல்லாததால், வீட்டு மின்சாரத்துக்கும் எல்இடிக்கும் நடுவே எந்தப் பிரிவினையும் இல்லை. பிளக் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து, அலுமினியப் பட்டையின் ஈய முனைகளில் முழு மின்னழுத்தமும் நிற்கலாம். மாறுமின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். கடையில் விற்கும் பல்பில் இதே சுற்று இருந்தாலும், அதைச் சுற்றி மூடிய பிளாஸ்டிக் உடல் இருக்கிறது. திரையிலிருந்து எடுத்த திறந்த ஸ்ட்ரிப்புக்கு அது இல்லை. ஈரக்கையோடு சமையலறையில் அதைத் தொடுபவர் பெரும்பாலும் அதைச் செய்தவராக இருப்பதில்லை என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

தொலைக்காட்சியைப் பிரிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்வழங்கிப் பலகையின் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும். பெரிய திரைகளின் எல்இடி வரிசைகளே நூறு வோல்ட்டைத் தாண்டுவதுண்டு. பழுதுபார்ப்பவர்கள் கையாளும் பேக்லைட் டெஸ்டர்களில் பல 300 வோல்ட் வரை தரக்கூடியவை.

ஆபத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாலும், பிளக்கில் இயங்கும் கைவேலை விளக்கு வெல்வதில்லை. 2015-இல் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டம் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகளை வழங்கியது; மொத்தக் கொள்முதலால், 2014-இல் 310 ரூபாயாக இருந்த பல்பின் கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 60 வாட் குண்டு பல்பின் இடத்தை 9 வாட்டில் நிரப்பும், மூடிய உடலோடு வரும் பல்பு இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது, கட்டணத்தை மிச்சம் பிடிக்கத் திரையைப் பிரிக்க வேண்டிய காரணம் எதுவுமில்லை.

மின்சாரம் வராத வாரங்கள்

காரணம் இருப்பது மின்கம்பிக்கு அப்பால். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களின் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அமலானது. அத்தகைய நாட்களிலும் ஊரில் 12 வோல்ட் இல்லாமல் போவதில்லை. டிராக்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் இன்வெர்ட்டரிலும் அது இருக்கிறது. இல்லாதது அதில் நேராக எரியும் விளக்கு.

இன்வெர்ட்டர் வழியே எரிப்பது சுற்றுவழி. பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக்கி, அதைப் பல்புக்குள் மீண்டும் நேர்மின்னோட்டமாக்கும்போது இருமுறை இழப்பு. போதாக்குறைக்கு, எந்தச் சுமையும் இல்லாதபோதே இன்வெர்ட்டர் தன் பங்குக்குச் சில வாட்டுகளைத் தின்றுகொண்டிருக்கும். மூன்று வாட் விளக்குக்காக அதை இரவு முழுவதும் ஓடவிடுவது சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்ற கதைதான். இந்த இழப்பைத் தவிர்க்கும் நோக்கில், சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் இன்வெர்ட்டரே இல்லாத 48 வோல்ட் நேர்மின்னோட்ட சோலார் அமைப்பை உருவாக்கினர். அது ராஜஸ்தானின் பாலைவன ஊர்களில் வீடுகளுக்குப் பொருத்தப்பட்டது. கைவேலை விளக்கு சிறிய அளவில் பின்பற்றுவதும் அதே தர்க்கத்தை.

செய்பவர் அருகில் இருக்கும்போதுதான் விளக்கு நிலைக்கிறது என்பதற்கும் முன்னுதாரணங்கள் உண்டு. 1997-இல் நேபாள மலைக்கிராமங்களின் இருட்டைக் கண்ட கனடா நாட்டுக் கால்கரி பல்கலைக்கழகப் பொறியாளர் டேவ் இர்வின்-ஹாலிடே, அப்போது புதிதாக வந்திருந்த வெள்ளை எல்இடியில் குறைந்த வாட் விளக்குகளை உருவாக்கி ஊர்களுக்குக் கொண்டுசென்றார். ஐஐடி மும்பை 2014-இல் தொடங்கிய மாணவர் சோலார் விளக்குத் திட்டம், ஊர்க்காரர்களையே பயிற்றுவித்து, விளக்கைப் பூட்டுவதையும் விற்பதையும் பழுதுபார்ப்பதையும் அவர்கள் பொறுப்பில் விட்டது. பழுதானால் எடுத்துச்செல்ல ஓரிடம் இருப்பது அதன் தனிச்சிறப்பு. மீட்டெடுத்த திரை விளக்கில், பழுதானால் எங்கே கொண்டுபோவது என்ற கேள்வியே எழுவதில்லை. ஒருமுறை பிரித்துப் பூட்டியவரே அதன் பழுதுபார்ப்பவரும் ஆகிறார்.

எதற்கு ஏற்ற ஒளி?

திரையின் ஒளி நீலம் தூக்கலானது. வீட்டு விளக்குகளின் இதமான வெள்ளை 3000 கெல்வின் அளவிலும், பகல் வெள்ளை 6500 அளவிலும் இருக்க, தொலைக்காட்சி ஸ்ட்ரிப்புகள் 10,000 கெல்வினை ஒட்டியோ அதற்கு மேலோ அமைவது வழக்கம்; கெல்வின் எண் கூடக் கூட ஒளி நீலத்தின் பக்கம் சாய்கிறது. படுக்கையறைக்கு இது பொருந்தாது. 12 வோல்ட்டில் எரியும் இதமான வெள்ளை எல்இடி நாடா ஒன்றைக் கூடவே ஒட்டிக் கலந்தால் கடுமை தணியும்.

ஆனால் ஒளி வரும் பரப்பு பெரியது என்பதால், நிழல் ஏறத்தாழ விழுவதேயில்லை. ஒற்றைப் பல்பின் கீழ் தைப்பவரின் கைநிழல் ஊசிமுனைமீதே விழும். 14 அங்குலப் பலகை தலைக்குமேல் இருந்தால் அந்த நிழல் கரைந்துவிடுகிறது. தையல், கைக்கடிகாரப் பழுதுபார்ப்பு, நகைக்குக் கல் பதித்தல், பொருட்களைப் படமெடுத்தல் ஆகியவற்றுக்கு, கடையில் விலைகொடுத்து வாங்கும் தட்டை விளக்குகளுக்கு ஈடான ஒளி இது. கண்ணாடிப் பேனலுக்குக் கீழிருந்த மெல்லிய தாள்களை, அதாவது விரவல் தாளையும் முப்பட்டகத் தாளையும், கழற்றியபோது இருந்த அதே வரிசையில், அதே முகம் மேலாக வைப்பதில்தான் இதன் வெற்றி இருக்கிறது. வரிசை மாறினால் எல்இடிகள் தனித்தனிப் புள்ளிகளாகக் கண்ணைக் குத்தும். பின்புற உலோகத் தகட்டை அகற்றாமல் விடுவதும் அவசியம்; எல்இடியின் வெப்பம் வெளியேறும் வழி அது.

எடைக்கணக்கில் வராதவை

2022-இல் உலகில் குவிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன்; முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடு என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள், உற்பத்தியாளர்களை மறுசுழற்சிச் சான்றிதழ்களை வாங்கக் கட்டாயப்படுத்துகின்றன. அந்தச் சான்றிதழ்கள் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகிய உலோகங்களின் எடையை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. அந்தக் கணக்கில் ஒளிவழிப் பலகைக்கும், ஒளித்தாள்களுக்கும், எரியும் நிலையிலுள்ள எல்இடிக்கும் இடமில்லை. அலுமினியப் பட்டைக்கு இருக்கும் மதிப்பு, அதன்மேல் எரியும் விளக்குக்கு இல்லை. கழற்றிய பின் எஞ்சும் உடைந்த கண்ணாடியும் சுற்றுப் பலகைகளும் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டியவை. தெருவோரத்தில் கம்பியை எரித்துச் செம்பு எடுப்பவரிடம் அல்ல.

மீட்பு வேலையை வீட்டு முயற்சி என்ற அளவிலேயே நிறுத்திவைப்பது, ஒரு திரையைப் போல் மற்றொன்று இருப்பதில்லை என்ற தடைதான். தமிழ்நாட்டில் அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 2011 முதல் அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய லட்சக்கணக்கான மடிக்கணினிகள் மொத்தக் கொள்முதலில் வந்தவை. ஓராண்டில் வழங்கப்பட்டவை ஒருசில மாடல்களுக்குள் அடங்கும். அவற்றில் முந்தியவை இப்போது பத்தாண்டைக் கடந்து, பேட்டரி இறந்து, பரண்களில் கிடக்கின்றன. ஒரு பாலிடெக்னிக் பணிமனை, அந்த மாடல்களில் ஒன்றின் பேனலைப் பிரித்து, எந்த முனைக்கு எத்தனை வோல்ட் என்பதை ஒருமுறை அளந்து எழுதிவைத்தால், அதே மாடலின் அடுத்த ஆயிரம் பேனல்களுக்கும் அந்த ஒரு தாளே போதும்.